பெக்கோலாவின் கூச்சத்துக்குத் தமிழில் என்ன சொல்? உதவுங்கள் தோழர்களே

வியாசர்பாடி மாலை வகுப்பில் பிளஸ் டூ பிள்ளைகளோடு அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ' (1970) நாவலைப் பற்றிப் பேசப்போகிறோம். ஒரே காட்சிதான், மிட்டாய்க் கடை.

மூன்று பென்னிக் காசோடு போகிறாள் பெக்கோலா என்ற கறுப்பினச் சிறுமி. வெள்ளையினக் கடைக்காரரின் பார்வை அவள் மேல் பட்டும் அவளைப் பார்ப்பதில்லை. காசை வாங்கும்போது கை தொட்டுவிடுமோ என்று தயங்குகிறார். போகும்போது அழகாகத் தெரிந்த டாண்டிலியன் என்ற மஞ்சள் காட்டுப்பூ, திரும்பும்போது வெறும் களையாகிவிடுகிறது. முதலில் கூச்சம், பிறகு கோபம். கோபம் நிற்காமல் மறுபடி கூச்சம். இந்த வரிசையைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

சிக்கல் சொல்லில்தான். ஆங்கிலத்தில் 'shame', நான் இப்போதைக்குக் 'கூச்சம்' என்கிறேன். 'தாழ்வு மனப்பான்மை' என்றதும் பேச்சு 'தன்னம்பிக்கை வளர்த்துக்கோ' என்ற அறிவுரையில் போய் முடியும், குற்றம் அவள் தலையில் விழும். 'வெட்கம்' கல்யாணப் பெண்ணை நினைவூட்டுகிறது. 'அவமானம்' பிறர் செய்வது. அது உள்ளே போய்த் தங்குவதைச் சொல்லாது. 'குறுகிப்போதல்' கொஞ்சம் கிட்டே வருகிறது. புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் பேச்சில் வேறு சொல் உண்டா?

இன்னொன்று: நாவலில் பெக்கோலாவுக்கு அவள் தந்தை செய்யும் பாலியல் வன்கொடுமை வருகிறது. அந்தப் பகுதியை வாசிக்க மாட்டோம், ஆனால் பிள்ளைகள் கேட்டால் மழுப்பவும் கூடாது. ஞாயிறு மாலை 4 மணிக்கு, இரண்டு மணி நேரம் கூட இருக்க ஒரு மனநல ஆலோசகர் வேண்டும், முடிந்தால் பெண். வரக்கூடியவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.