புதுப்பிப்பு: பிஎஸ்சி படிப்பும் பூத வேட்டையும்

கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வுக்கு நானும் தங்கச்சியும் படிக்க உட்கார்ந்தால் அரை மணிக்கு மேல் தாங்குவதில்லை, அன்றாட வேலைகளை விளையாட்டாக்கும் ஹாபிடிகா செயலி உதவுமா என்று குமுளியிலிருந்து கேட்டிருந்தேன் அல்லவா? போட்டுப் பார்த்தாயிற்று.

2013-ல் ஹாபிட்ஆர்பிஜி என்ற பெயரில் வந்தது இது. தினப்பணியை முடித்தால் தங்கமும் அனுபவப் புள்ளியும் கிடைக்கும். விட்டால் 50 உயிர்ப்புள்ளியில் குறையும். உயிர் போனால் ஒரு லெவல் இறங்கும், சேர்த்த தங்கம் மொத்தமும் காலி. 10-வது லெவலில் வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடன் என்று தேர்ந்தெடுக்கலாம். தங்கச்சி யோசிக்கவே இல்லை, திருடன்தான்.

எங்களை உட்கார வைத்தது, சிலர் சேர்ந்து ஆடும் கூட்டணிச் சண்டை. பூதத்தோடு மோதும்போது ஒருத்தர் தினப்பணியை விட்டாலும் அடி எல்லோருக்கும் விழும். "அண்ணா, நடப்புச் செய்தி படிக்காம தூங்கிடாதே, என் உயிர் போகுது" என்று ராத்திரி வந்து போர்வையை இழுக்கிறாள். அம்மா வருஷக்கணக்காகத் திட்டியும் நடக்காத காரியம்.

பரிசை நாமே வைக்கலாம். பழம்பொரிக்கு 20 தங்கம் என்று விலை போட்டிருக்கிறோம். (மலிவுதான், ஏற்ற வேண்டும்.)

ஏலக்காய் எடுப்பு சமயத்தில் தோட்டத்திலிருந்து வரவே இருட்டிவிடும், மழைக்குக் கரண்டும் இருக்காது. அதற்குச் சேதத்தை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. ஆனாலும் கூட்டாளி விட்டதற்கு பூதம் நம்மை அடிக்கும்!

கூட்டணியில் இடம் இருக்கிறது. பிஎஸ்சி படிக்கிறவர்கள் யாராவது வருகிறீர்களா? வைத்தியர் ஒருத்தர் அவசரமாகத் தேவை.