டேக் அவரிடம், நெஞ்சில் ஸ்டென்ட்: மூஸ் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வடக்குக்காத்து (ஸ்காபரோ)
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 64. பென்ஷன் எடுத்து ரெண்டு வருசம். பழைய வேலைத்தளத்துச் சிநேகிதர் அஞ்சு பேர், அதில நான் மட்டும்தான் தமிழ். பதினொரு வருசமா ஒவ்வொரு ஒக்ரோபரும் வடக்கு ஒன்ராறியோவில ஹேர்ஸ்ட் பக்கம் மூஸ் வேட்டைக்குப் போறம். ரொறன்ரோவிலயிருந்து 900 கிலோமீற்றருக்கு மேல ஓட்டம். தெரியாத ஆக்களுக்கு: மான் இனத்தில ஆகப் பெரிசு மூஸ். எங்கட வன்னி மரையை ரெண்டாப் பெருக்கி, நீட்டுக்கால் பூட்டின மாதிரி. காளை ஒண்டு 450 கிலோ சாதாரணமா நிக்கும்.

பிரச்சினை இதுதான். ஒன்ராறியோவில மூஸைச் சுட அரசாங்கம் தாற அனுமதிச் சீட்டுத்தான் டேக். 2021 இலயிருந்து அதைக் குடுக்கிறது புள்ளிக் கணக்கில. விண்ணப்பிச்சு டேக் எடுக்காத ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு புள்ளி. கூடப் புள்ளி வச்சிருக்கிறவருக்கு முதல் இடம். டேக்கை எடுத்தா புள்ளி பூச்சியம், திரும்ப அடியிலயிருந்து. எங்கட கூட்டத்தில மூத்தவருக்கு 71 வயசு. அவர் சேர்த்த புள்ளிக்கு இந்தமுறை காளை டேக் விழுந்தது. ஜூனில எடுத்தார். ஜூலையில நெஞ்சு நோ, ரெண்டு ஸ்டென்ட்.

ஒரு டேக்கில எல்லாரும் சேர்ந்து வேட்டையாடலாம். ஆனா டேக்காரரும் காட்டில நிக்கோணும், நாங்கள் அவரிலயிருந்து 5 கிலோமீற்றருக்குள்ள, தொடர்பில இருக்கோணும். அவர் வராட்டி எங்களுக்கு வேட்டை இல்லை. மனுசன் வந்தே தீருவன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறார். அவற்ற மனுசி என்னோட கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டா. என்ன சொல்லுறியள்?

மலையடிவாரம் (கோவை)
அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. "அவர் வராட்டி எங்களுக்கு வேட்டை இல்லை"ன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்ப அந்தப் பெரியவர் உங்களுக்கு சிநேகிதருங்களா, நுழைவுச்சீட்டுங்களா?

இன்னொண்ணு. 60 தாண்டின அஞ்சு பேர் ஒண்ணா இருக்கணும்னா சீட்டாடுங்க, மீன் பிடிங்க, கோயில் குளம் சுத்துங்க. அதுக்கு ஒரு உசுரு எதுக்குங்க சாகணும்? எங்க வாழைத்தோப்புல யானை பூந்து ரெண்டு தடவை மொத்தமும் போச்சு. அப்பக்கூட சுடணும்னு தோணல. சரி, பொய் எதுக்கு, தோணுச்சு. ஆனா 1972 வனவிலங்குச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அது எங்க கையக் கட்டி வச்சது நல்லதுக்குத்தான்னு இப்பப் புரியுது.

ஈப்போக்காரன்
காட்டுப்பன்றி இறைச்சியைக் கடித்துப் பார்த்து, ருசியானதைச் சாமிக்குப் படைத்த கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம். கனடாவில் ஒருவர் துப்பாக்கி எடுத்தால் மட்டும் பாவமா?

மலையடிவாரம் (கோவை)
கண்ணப்பர் புள்ளி சேத்து டேக் வாங்கி, ஃப்ரீசர் கொண்டுட்டுப் போகலைங்க.

தாதி (மிசிசாகா)
உங்கட சமயச் சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. நான் இதய வார்டில 19 வருசம் வேலை.

அண்ணை, குளிரில ரத்தக்குழாய் சுருங்கும், மிருகத்தைக் கண்டவுடன நெஞ்சு அடிச்சுக்கொள்ளும், பிறகு இழுவை வேலை. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்குப் பயம் கத்தி. ஜூலையில ஸ்டென்ட் வச்சவர் ஒக்ரோபரிலயும் ரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற குளிசை ரெண்டு விதம் எடுத்துக்கொண்டிருப்பார். மூஸைக் கிழிக்கேக்க கை முழங்கை வரைக்கும் உள்ளுக்கு, கொழுப்பில வழுக்கும். ஒரு சின்ன வெட்டு எண்டாலும் ரத்தம் லேசில நிக்காது. "வேட்டைக்கு முதல் ஒரு கிழமை குளிசையை நிப்பாட்டுவம்" எண்டு ஆராவது கெட்டித்தனம் காட்டினால் அதைவிட மோசம், ஸ்டென்ட் அடைச்சுப்போடும். அவற்ற இதய வைத்தியர் என்ன சொன்னவர்? உங்கட முகாமிலயிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

வடக்குக்காத்து
மரம் ஏத்துற லொறிப் பாதையில ஒண்டரை மணித்தியாலம், பிறகுதான் தார் றோட்டு. கைபேசி வேலை செய்யாது. வைத்தியர் செப்ரெம்பரில ஓடவிட்டுப் பாக்கிற சோதனை வச்சிருக்கிறார். கத்தி விசயம் எனக்குத் தோன்றவே இல்லை, தங்கச்சி. நன்றி.

கோவைத் தம்பிக்கு: நுழைவுச்சீட்டு எண்ட சொல் குத்திச்சுது. ஆனா முழுக்கதையையும் கேளும். விசேட காரணத்துக்கு டேக்கை வேறை ஆளுக்கு மாத்தக் கேக்க வழி இருக்கு, நீ வீட்டில இரு எண்டு நான்தான் முதல்ல சொன்னனான். மனுசன் போனை வச்சிட்டார். ரெண்டு நாளைக்குப் பிறகு எடுத்து, "புள்ளி திரும்பச் சேர எனக்கு 80 தாண்டும், அது உனக்குத் தெரியும்தானே" எண்டு மட்டும் சொன்னவர்.

ரெக்ஸ்டேல் பொடியன்
நான் சட்டம் படிக்கிறன், ஒரு வழக்குச் சொல்லுறன். 1993 இல சூ செயின்ட் மேரிக்குக் கிட்ட பௌலி எண்ட மெற்றீஸ் (பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்து வந்த இனம்) தகப்பனும் மகனும் மாகாண லைசன்ஸ் இல்லாமல் ஒரு காளை மூஸைச் சுட்டு, "குளிர்காலத்துக்கான இறைச்சி" எண்டு கையால எழுதி அதில கட்டிவிட்டவை. வழக்குப் பத்து வருசம் இழுபட்டு, 2003 இல உச்ச நீதிமன்றம் அவையின்ர உரிமையை ஏற்றது. அந்த மண்ணில அந்த மிருகத்தில அவைக்கு ஒரு தேவை இருந்தது, தலைமுறை தலைமுறையா. அங்கிள், உங்களுக்கு என்ன தேவை? வீட்டில சாப்பாடு இல்லையா?

வடக்குக்காத்து
சாப்பாடு இருக்கு மகன். காசுக் கணக்குப் பார்த்தா கொஸ்ட்கோ மாட்டிறைச்சி மலிவு. பெற்றோல், டேக், லைசன்ஸ், முகாம் வாடகை எல்லாம் கூட்டினா கிலோ என்ன விலை எண்டு மனுசிக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

ஆனா அஞ்சு வீட்டு ஃப்ரீசரும் நிறையும், ஒரு துண்டும் குப்பைக்குப் போகாது. காட்டு இறைச்சியை விக்கிறதும் குற்றம், சாப்பிடக்கூடியதைப் பழுதாக விடுறதும் குற்றம். ஈரலும் சிறுநீரகமும் மட்டும் எடுக்கிறதில்லை, காட்மியம் எண்ட நச்சு உலோகம் இருக்கு, சாப்பிடாதேங்கோ எண்டு அரசாங்கமே சொல்லியிருக்கு. ஈரல் வறுவலுக்கு ஆசைப்பட்டு வந்த என்ர மச்சான் அண்டையோட எங்களை விட்டவன்.

மலையடிவாரம் (கோவை)
அண்ணா, நேராவே கேட்டுடறேன். ஒரே குண்டுல செத்துருமா? எல்லா தடவையுமா?

வடக்குக்காத்து
இல்லை.

2019. பின்னேரம், வெளிச்சம் குறையிற நேரம். காளை ஸ்புரூஸ் மரத்துக்குப் பின்னாலயிருந்து பாதி வெளிய வந்தது. நான் அவசரப்பட்டனான். வெடி வயித்தில பட்டது. அது ஓடேல்லை, முதுகை வளைச்சுக்கொண்டு மெதுவா நடந்து உள்ளுக்குப் போனது. நான் பின்னால ஓட வெளிக்கிட, மூத்தவர் கையைப் பிடிச்சு இருத்தினார். வயித்தில பட்டதைக் கலைச்சா அது மைல் கணக்கில போகும், விட்டா கிட்டவே படுக்கும். இரவு முழுக்க முகாம் அடுப்படியில என்னோட இருந்தார். ஏன் அப்பிடிச் சுட்டாய் எண்டு கேக்கேல்லை. துவக்கை எப்பிடித் துப்பரவாக்கிறது எண்டு எனக்குத் தெரிஞ்சதையே திரும்பக் காட்டித் தந்துகொண்டிருந்தார். விடிய, 300 மீற்றரில கிடந்தது. உள்பக்க இறைச்சி கொஞ்சம் வெட்டி எறிய வேண்டி வந்தது. அடுத்த வருசம் நான் துவக்குக் கொண்டு போகேல்லை, சமையலும் சுமையும்தான்.

மலையடிவாரம் (கோவை)
மறைக்காம சொன்னதுக்கு நன்றிங்கண்ணா. ஆனா எனக்கு அந்த ராத்திரி முழுக்க அந்த மாடு என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னுதான் ஓடுது. நீங்க அடுப்படியில இருந்தீங்க.

ஒஸ்லோத் தம்பி
நோர்வேயில பெரிய மிருகம் சுடுற ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வருசமும் சோதனை எடுக்கோணும். 100 மீற்றரில அஞ்சு வெடி, அஞ்சும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள்ள. அதுக்கு முதல் 30 வெடி பழகியிருக்கோணும். வயசு போக, கை நடுங்கினா சோதனையே உங்களை நிப்பாட்டும். காயப்பட்டதைத் தேடப் பழக்கின நாயும் ஒழுங்கு பண்ணியிருக்கோணும். ஒன்ராறியோவிலயும் உப்பிடி ஒண்டு இருந்தா 2019 நடந்திருக்குமோ தெரியாது. அண்ணை, நீங்களாவது உங்களுக்கு ஒரு சோதனை வச்சுப் பாருங்கோ.

மூத்தவர் விசயம்: இங்க கிழவர்மார் ஓடித் திரியிறதில்லை. ஒரு இடத்தில கதிரை போட்டு இருப்பினம், இளசுகள் நாயோட மிருகத்தை அந்தப் பக்கம் கொண்டுவரும். 80 வயசுக்காரரும் அப்பிடி இருக்கிறதைப் பாத்திருக்கிறன். அவரை இருத்துங்கோ.

வடக்குக்காத்து
அவர் இருந்தபடி செய்யிற வேலைதான் எங்களிட்ட ஆகப் பெரிய வேலை. மூஸைக் கூப்பிடுறது அவர்தான். பேர்ச் மரப்பட்டையைச் சுருட்டின குழலை வாயில வச்சு, பெட்டை மூஸ் மாதிரி மூக்கால நீட்டி ஒரு முனகல். பிறகு அரை மணித்தியாலம் பேச்சில்லை. பிறகு ஒரு பேணியில தண்ணியை அள்ளி, குளத்துக்க உயரத்திலயிருந்து சொட்டுச் சொட்டா ஊத்துவார். பெட்டை தண்ணிக்குள்ள நிண்டு மூத்திரம் பெய்யிற சத்தம். அதைக் கேட்டுத்தான் காளை மரங்களை முறிச்சுக்கொண்டு வரும். நான் பதினொரு வருசமாப் பழகிறன், எனக்கு வாறது ஆடு கத்திற சத்தம்.

தாதி (மிசிசாகா)
அப்ப எழுதி வையுங்கோ. கத்தி தொடக்கூடாது. தூக்க, இழுக்கக் கூடாது. நெஞ்சு நோவுக்கு அடிக்கிற நைட்ரோ ஸ்பிரே அவற்ற சட்டைப் பையில ஒண்டு, முதுகுப் பையில ஒண்டு, உங்களிட்ட ஒண்டு. சற்றலைற்றில தகவல் அனுப்பிற கருவி கட்டாயம். சோதனையில வைத்தியர் வேண்டாம் எண்டா அதோட கதை முடிஞ்சுது, புள்ளிக்கணக்குப் பேசக்கூடாது. அவற்ற மனுசிக்கும் நீங்களே போய் நேரில சொல்லுங்கோ, போனில இல்லை.

மலையடிவாரம் (கோவை)
நான் இன்னும் ஒத்துக்கலைங்க. சுடாமக் கூப்பிடக் கூடாதா, வந்ததைப் பாத்துட்டு விடக் கூடாதா?

வடக்குக்காத்து
சுடாமல் போயும் பாத்தம். நாங்கள் அஞ்சு பேரும் ஒரு கோடைக்கு மீன்பிடிக்க எண்டு அதே முகாமுக்குப் போனம். ரெண்டாம் நாளே ஆளுக்கொரு சிக்னல் இல்லாத போனை நோண்டிக்கொண்டு இருந்தம், ஒருத்தர் ஒரு நாள் முந்தியே திரும்பிப் போக வெளிக்கிட்டவர். ஒரு காளை விழுந்தா அப்பிடி இல்லை. முழங்கால் வரை பாசிச் சேறு, பின்தொடை ஒண்டே ரெண்டு பேருக்குச் சுமை. இலையான் மொய்க்காமல் இறைச்சிக்கு மேல மிளகுத்தூள் தூவி, துணிச் சாக்கில கட்டித் தூக்கோணும். அந்த மிளகு நான் வீட்டில வறுத்து இடிச்சுக் கொண்டுபோறது. இருட்ட முதல் முடிக்கோணும். ஒருத்தரும் ஒருத்தரையும் விட்டிட்டு வர ஏலாது. இது உமக்கு நியாயமாப் படாது எண்டு எனக்குத் தெரியும்.

மலையடிவாரம் (கோவை)
படலைங்க. சரி, கடைசியா ஒண்ணே ஒண்ணு. மொத நாள் காலையில, காளை பதில் குரல் குடுத்துட்டு நெருங்கி வர்ற நேரத்துல, பெரியவர் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு "எனக்கு முடியல, முகாமுக்குப் போகலாம்"ங்கறார். மத்த நாலு பேரும் அந்த நிமிஷமே துப்பாக்கிய இறக்கிருவீங்களா?

வடக்குக்காத்து
இறக்கத்தான் வேணும், டேக் அவற்ற. சட்டம் அது.

மலையடிவாரம் (கோவை)
சட்டம் நான் கேக்கலைங்களே.

வடக்குக்காத்து
நான் இறக்குவன். மற்ற மூண்டு பேரையும் இண்டைக்கு இரவு கேக்கிறன். உம்மட கேள்வியை அப்பிடியே ஆங்கிலத்தில எழுதி எங்கட வாட்ஸப் குழுவில போடுறன், மூத்தவர் இல்லாத குழு.

வடக்குக்காத்து (மறுநாள்)
ரெண்டு பேர் உடனே ஓம் எண்டு எழுதினவை. மூண்டாமாளுக்கு நீலச் சரி ரெண்டும் விழுந்திருக்கு, வாசிச்சிட்டார். மத்தியானம் தாண்டியிட்டுது, இன்னும் பதில் இல்லை.