கடல் அட்டை: அக்கரையில் ஏற்றுமதி, இக்கரையில் வழக்கு ஏன்?

தொண்டிக்காரன்:
வணக்கம். இராமநாதபுரம் கரையில் கடல் அட்டையை (கடலடியில் வாழும், காயவைத்து உணவுக்காக விற்கப்படும் மெல்லுடல் உயிர்) மூட்டைகட்டி வைத்திருந்தவர்கள் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அதே அட்டையைப் பண்ணை வைத்து வளர்த்து, முறையாக ஏற்றுமதி செய்கிறார்கள். இந்தியா, இலங்கை இரண்டுமே, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் எனில், ஒரே உயிருக்கு இரு வேறு சட்டம் எப்படி வந்தது?

நெய்தல்:
ஒரு நாட்டுக்குள் எதைப் பிடிக்கலாம் என்பதில் சைட்டிஸ் தலையிடுவதில்லை. எல்லை தாண்டும் சரக்கைத்தான் அது பார்க்கிறது. 1975இல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையில் பின்னிணைப்புகள் எனப்படும் மூன்று இனப் பட்டியல்கள் உண்டு. முதல் பின்னிணைப்பில் உள்ளவற்றை இயற்கையிலிருந்து பிடித்து வணிகத்துக்கு அனுப்பவே முடியாது. இரண்டாவதில் உள்ளவற்றை அனுப்பலாம். ஆனால் சரக்கு சட்டப்படி பிடிக்கப்பட்டதுதான் என்பதையும், அதனால் அந்த இனம் நலிந்துவிடாது என்பதையும் ஏற்றுமதி செய்யும் நாடே ஆய்ந்து அனுமதிச் சீட்டு தர வேண்டும். மூன்றாவது, ஒரு நாடு தன் இனத்தைக் காக்கப் பிறர் உதவியைக் கோரித் தானே சேர்ப்பது. 2003இல் ஈக்வடார் தன் கடல் அட்டை ஒன்றை அப்படித்தான் சேர்த்தது.

2019 ஜெனீவா மாநாட்டில் மூன்று கடல் அட்டை இனங்களும், 2022 பனாமா மாநாட்டில் தெலனோட்டா என்ற கடல் அட்டைப் பேரினமும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. நம் கடலில் நல்ல விலைபோகும் வெள்ளை அட்டை அவற்றில் இல்லை. ஆகவே இலங்கை அதைத் தன் மீன்வளச் சட்டப்படி உரிமம் கொடுத்து நடத்துகிறது. இந்தியாவோ 2001இல் எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்யும் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. உடன்படிக்கையைவிடக் கடுமையான உள்நாட்டுச் சட்டம் வைத்துக்கொள்ள அதன் 14ஆம் பிரிவே இடம் தருகிறது.

மண்டபத்தார்:
சட்ட விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூச்சடக்கிக் குளித்து அட்டை எடுத்தவர்களின் பிழைப்பை இந்த முழுத்தடை ஒரே நாளில் பறித்துவிட்டது. கடலடியை வாரும் இழுவை மடி வலையில் மண்ணோடு வாரி வரும் அட்டைக்கோ கேள்வி கேட்பாரில்லை. இங்கே தடை, அக்கரையில் உரிமம் என்றிருக்கும்போது சரக்கு இரவோடு இரவாகப் படகேறி அக்கரைச் சரக்காக மாறுவதில் வியப்பென்ன? அளவுக் கட்டுப்பாடும் பிடிப்பில்லாப் பருவமும் வைத்து, மீனவக் கூட்டுறவுகளிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

கரைவலை:
ஐயா சொல்லும் குறை உண்மைதான். ஆனால் அளவுக் கட்டுப்பாடு மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. அட்டைகள் முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுப் பெருகுபவை. ஆணும் பெண்ணும் அருகருகே இல்லாவிட்டால் கருவுறுதல் நடப்பதில்லை. எனவே ஓரிடத்தில் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டால், எஞ்சிய சிலவற்றை விட்டுவைத்தாலும் இனம் எளிதில் மீளாது.

ஏற்றுமதிச் சரக்கைப் பார்க்கும் சுங்கச் சோதனையில் வேறொரு சிக்கல். வெள்ளை அட்டையைக் குடல் நீக்கி, அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலின் சுண்ணாம்பைத் தேய்த்தெடுத்து, மறுபடியும் அவித்து வெயிலில் காயவைப்பார்கள். பிற இனங்களும் இப்படி அவித்துக் காய்ந்த பிறகு, உயிரோடிருந்தபோது இருந்த நிறம் போய், எல்லாம் கறுத்துச் சுருங்கிய கட்டைகளாகவே தெரியும். தோலிலுள்ள சுண்ணத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பல இனங்களை உறுதிசெய்ய முடியும். பட்டியலில் உள்ளது பட்டியலில் இல்லாததன் பெயரில் போய்விட இது வழிவிடுகிறது. இதற்காகவே, அழிவின் விளிம்பில் இல்லாவிட்டாலும் தோற்ற ஒற்றுமை கருதி ஓர் இனத்தை இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்க உடன்படிக்கையில் விதி இருக்கிறது. அதற்கு ஏதேனும் ஓர் உறுப்பு நாடு முன்மொழிய வேண்டும். வாக்களிக்கும் நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு அதை ஏற்கவும் வேண்டும்.