புதுப்பிப்பு: பாபநாசம் ஏற்றத்தில் இழுவை விட்ட டீசல் கார், சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் வண்டி இழுக்கவே இல்லை, கரும்புகை வருகிறது, கிளட்ச் பிளேட் போயிருக்குமா கியர்பாக்ஸா என்று கேட்டிருந்தேன்.

கிளட்ச் இல்லை. தென்காசி அண்ணாச்சி ஒருவர் சொன்னபடி நாங்குநேரி தாண்டி நாற்கர சாலையில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தேன். கிளட்ச் வழுக்கினால் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) மட்டும் ஏறும், வண்டி வேகம் ஏறாது. என் வண்டியில் இரண்டுமே சேர்ந்து மந்தமாகத்தான் ஏறின, கூடவே உஸ்ஸென்று காற்றுச் சத்தம். அவர் சந்தேகப்பட்டது இன்டர்கூலர் ஹோஸ், அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று இன்ஜினுக்குப் போகும் வழியில் உள்ள குழாய். அதேதான். அடிப்பக்கம், கிளாம்புக்குப் பக்கத்தில் வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடியே இருக்கும், டர்போ அழுத்தம் ஏறினால்தான் விரியும், அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரில் பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்) குறைவு என்று பிழைக் குறியீடு வந்ததும் டர்போவையே மாற்றணும் என்றார்கள். அந்தக் குறியீடு அழுத்தம் குறைகிறது என்றுதான் சொல்லும், எங்கே ஒழுகுகிறது என்று சொல்லாது. தயவுசெய்து முதலில் ஹோஸைக் கழற்றி வளைத்துப் பாருங்கள்.

புது ஹோஸ், புது கிளாம்பு போட்டாயிற்று. அதே ஏற்றத்தில் இப்போது நன்றாக இழுக்கிறது, புகையும் இல்லை. எதிர்பாராதது, பழைய ஹோஸுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. லேசாக இருந்தால் பரவாயில்லையாம், ஆனாலும் ஆயில் மட்டத்தைக் கவனித்து வருகிறேன்.