வைடு ரிசீவர்களைத் தரவரிசைப்படுத்தும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கதிர், வேளச்சேரி

வணக்கம். சோழிங்கநல்லூரில் ஓர் அலுவலகத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் டல்லாஸில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணிகள் கல்லூரி வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால் அவர்கள் ஒரு போட்டி நடத்துவார்கள். கல்லூரி வீரர்களில் வைடு ரிசீவர், அதாவது ஓடிப்போய் வீசிய பந்தைப் பிடிப்பவர், முப்பது பேரை வரிசைப்படுத்தித் தர வேண்டும். மதிப்பெண் உடனே தெரியாது. அந்த வீரர்கள் முதல் பருவத்தில் எத்தனை கெஜம் (யார்டு) சேர்த்தார்கள் என்று பார்த்து ஜனவரியில்தான் கணக்கை முடிப்பார்கள்.

சென்ற ஆண்டு முதல்முறையாகக் கலந்துகொண்டேன். முப்பது பெயர்களையும் எக்செல்லில் போட்டு, கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் தேர்வில்) 40 கெஜம் ஓடிய நேரப்படி அடுக்கினேன். நான் முதல் ஐந்து இடங்களில் வைத்தவர்களில் மூன்று பேர் ஏறக்குறைய பருவம் முழுக்க பெஞ்சிலேயே இருந்தார்கள். இருபத்திரண்டாவதாக வைத்த ஒருவர் வாராவாரம் ஆடினார். எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேலை முடிந்து விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன்; தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

பி.டி. மாஸ்டர், புளியந்தோப்பு

தம்பி கதிர், வடசென்னைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தடகளத்துக்கும் கபடிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதிலேயே என் காலம் போனது. மகள் அமெரிக்காவில் கொலம்பஸில் இருக்கிறாள். அங்கே ஆறு மாதம் தங்கியபோது மருமகனோடு சனிக்கிழமைதோறும் கல்லூரி ஆட்டம் பார்க்கப் பழகினேன். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சனி இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் அந்த நேரக் கணக்கைச் சொல்கிறேன். 40 கெஜம் என்பது சுமார் 36.6 மீட்டர். கம்பைனில் துப்பாக்கி ஒலிக்காது. ஓடுபவரின் உடம்பு முதலில் அசையும்போது ஒருவர் கையால் கடிகாரத்தைத் தொடங்குகிறார்; முடிவுக் கோட்டில் மின்னணுக் கருவி நிறுத்துகிறது. அதனால் அந்த நேரத்தை நம் நூறு மீட்டர் ஓட்டக்காரர்களின் நேரத்தோடு ஒப்பிடவே கூடாது. 4.40 ஓடியவருக்கும் 4.45 ஓடியவருக்கும் முடிவுக் கோட்டில் உள்ள இடைவெளி ஏறக்குறைய அரை மீட்டர். ஸ்டாப்வாட்ச் பிடித்துத் தழும்பேறிய கட்டைவிரல் என்னுடையது. இந்த அரை மீட்டரை நம்பி ஒரு பிள்ளையை மேலேயும் இன்னொரு பிள்ளையைக் கீழேயும் நான் வைக்க மாட்டேன்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கபடித் தேர்வு. முந்தின இரவு மழை பெய்து மைதானம் ஈரமாக இருந்தது. பிள்ளைகளை முழு வேகத்தில் ஓடவிட்டேன், விசில் ஊதியதும் நின்று திரும்பி வரச் சொன்னேன். எல்லோரும் போன பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஓட்டத்தில் முதலில் வந்த பையன் நிற்பதற்கு ஏழு அடி எடுத்திருந்தான். அவனுடைய குதிகால் தடங்கள் சேற்றில் நீளமாக வழுக்கிப் போயிருந்தன. ஆறாவதாக வந்தவனுக்கு மூன்றே தடங்கள். மூன்றும் குழி விழுந்தாற்போல் ஆழமாகப் பதிந்திருந்தன. மூன்றாவது தடத்தில் கால் விரல்கள் ஏற்கெனவே வந்த திசைக்குத் திரும்பியிருந்தன. உடன் இருந்த தேர்வாளர் வேண்டாம் என்றார். நான் பிடிவாதமாக அந்தப் பையனையே ரெய்டராக எடுத்தேன். பின்னாளில் மாநில அணி வரைக்கும் ஆடினான்.

ரிசீவருக்கும் இதே கதைதான். அவர் எதிரே பின்வாங்கி ஓடும் கார்னர்பேக் (அவரைத் தடுக்கும் எதிரணி வீரர்), "இவன் நம்மைத் தாண்டி ஓடப் போகிறான்" என்று பயந்துகொண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு கெஜம் ஓடிவிட்டுச் சட்டென்று நின்று திரும்பினால், கார்னர்பேக் இன்னும் இரண்டடி பின்னால் போயிருப்பார். பந்து வீசும் குவாட்டர்பேக்கோ, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தைக் கையிலிருந்து விட்டிருப்பார். நிற்பதற்கு ரிசீவர் கூடுதலாக இரண்டடி எடுத்துக்கொண்டால் கார்னர்பேக் புரிந்துகொண்டு முன்னால் பாய்ந்துவிடுவார். வேகமெல்லாம் அங்கே வீண்.

2017-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடி, அதுவரை கிறிஸ் ஜான்சன் வைத்திருந்த 4.24 சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி அணி டிராஃப்டில் அவரை ஒன்பதாவதாக எடுத்தது. முதல் பருவத்தில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது, காயங்கள் அவரை விடவில்லை. அதே ஆண்டில் கூப்பர் கப் 4.62 ஓடினார். 69-ஆவதாகத்தான் எடுத்தார்கள். 2021 பருவத்தில் 145 பந்து, 1,947 கெஜம், 16 டச் டவுன் என்று மூன்று பட்டியலிலும் அவரே முதலிடம். அந்தப் பருவத்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த வீரரும் அவர்தான். அவருடைய கல்லூரி ஆட்டங்களை இன்று போட்டுப் பார்த்தாலும் அந்த மூன்று தடங்கள் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே அந்த ஒரு மணி நேரத்தில் சிறப்புக் காட்சித் தொகுப்பைத் தொடாதீர்கள். அதில் எல்லோரும் நல்ல வீரர்களே. ஒரு வீரரின் ஒரு முழு ஆட்டத்தை எடுத்து, அவர் களத்தில் இருக்கும் தருணங்களை மட்டும் சத்தமில்லாமல் பாருங்கள். பந்து அவரிடம் வராதபோதும் பார்வையை அவர்மேலேயே வைத்திருங்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தைத்தான் துரத்தும், பாதி நேரம் ரிசீவர் திரையை விட்டே போய்விடுவார். பின்னாலிருந்து எடுத்த மறுகாட்சி வந்தால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நிற்க எத்தனை அடி என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பந்தை விரல்களால் நீட்டிப் பிடிக்கிறாரா, மார்போடு அணைத்துப் பிடிக்கிறாரா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நித்யா, மயிலாப்பூர்

மாஸ்டர், உங்கள் ஈரத் தரைக் கணக்கு அருமை. ஆனால் நிற்பதையும் திரும்புவதையும் ஒரே அளவுகோலாக வைத்தால் அதுவும் ஏமாற்றும். 2019-இல் டி.கே. மெட்காஃப் என்ற ரிசீவர் 4.33 ஓடினார். கூம்புகளைச் சுற்றித் திரும்பும் பயிற்சியில் 7.38 விநாடி எடுத்துக்கொண்டார். 2000-இல் குவாட்டர்பேக் டாம் பிரேடி எடுத்த 7.20-ஐ விட மெதுவு. "நேராக மட்டுமே ஓடத் தெரிந்தவர்" என்று பலர் ஒதுக்கினார்கள். கல்லூரியில் கழுத்துக் காயம் வேறு பட்டிருந்தது. சியாட்டில் அணி 64-ஆவது இடத்தில் எடுத்தது. 2020-இல் 1,303 கெஜம் சேர்த்தார். அத்தனை பெரிய உடம்பு அந்த வேகத்தில் வரும்போது கார்னர்பேக் முன்கூட்டியே பின்வாங்கிவிடுகிறார், அதனால் திரும்புவதில் உள்ள குறையைச் சரிக்கட்ட முடிகிறது.

கதிர், நான் புள்ளியியல் படித்தவள். கல்லூரிக் கணக்கை அப்படியே எடுக்காமல் இரண்டு கேள்விகள் கேட்பேன். அந்தப் பருவத்தில் அவருக்கு வயது என்ன? 19 வயதில் 900 கெஜம் எடுத்தவரை, 23 வயதில் 1,100 எடுத்தவருக்கு மேலே வைப்பேன். அடுத்து, அணி மொத்தமாக வீசிப் பெற்ற கெஜத்தில் அவர் பங்கு எவ்வளவு? எப்போதும் வீசிக்கொண்டே இருக்கும் அணியில் யாருக்கும் எண்ணிக்கை ஏறும்.

சிறிய கல்லூரி வீரர் என்றால், அவர் பெரிய கல்லூரியோடு மோதிய ஆட்டத்தைத் தேடி எடுங்கள். கூப்பர் கப் ஆடிய கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம் கீழ்நிலைப் பிரிவைச் சேர்ந்தது. அவருடைய சாதனைகளையெல்லாம் எதிரணிகள் பலவீனம் என்று சொல்லிக் கழித்துவிட்டார்கள். ஆனால் 2015-இல் பெரிய கல்லூரியான ஓரிகனுக்கு எதிராக அவர் 15 பந்து பிடித்து 246 கெஜம் எடுத்தார். அந்த ஓர் ஆட்டத்தைப் பார்த்திருந்தாலே போதும்.

இன்னொன்று: ஒன்று முதல் முப்பது வரை எண் போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஏழாவதற்கும் எட்டாவதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள்: முதல் ஆண்டே ஆடக்கூடியவர், ஓராண்டு காத்திருக்க வேண்டியவர், ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுபவர், மற்றவர். எண்ணைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

கதிர், வேளச்சேரி

மாஸ்டருக்கும் நித்யா அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. இன்று விடியற்காலை ஒருவரின் ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்து முடித்தேன். பட்டியலில் அவரை நான்காவதாக வைத்திருந்தேன். நின்று திரும்பும் ஓட்டங்கள் ஒன்பது தெளிவாகத் தெரிந்தன. ஆறில் ஐந்தடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். அதைவிட, பந்து தன் பக்கம் வராது என்று தெரிந்தால் முதல் மூன்று அடியிலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். பந்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. இப்போது அவரை மூன்றாவது கட்டத்தில் வைத்திருக்கிறேன். தினமும் ஒருவர் என்றால் டிராஃப்டுக்குள் பதினெட்டுப் பேரை முடிக்கலாம்.

பி.டி. மாஸ்டர், புளியந்தோப்பு

நித்யா அம்மா, மெட்காஃப் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கதிர், அந்தப் பையனை ஒரே ஆட்டத்தை வைத்துக் கீழே இறக்கிவிடாதீர்கள். அன்று காலில் வலி இருந்திருக்கலாம். இன்னோர் ஆட்டம் பாருங்கள், இந்த முறை முதல் கால் பகுதியையும் கடைசிக் கால் பகுதியையும் தனித்தனியாக எண்ணுங்கள். களைத்த பிறகும் அதே ஐந்தடியா, இல்லை எட்டடியா? எண்ணிவிட்டு இங்கே எழுதுங்கள். டிராஃப்டின் முதல் சுற்று நம் நேரப்படி வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கும், நான் விழித்திருப்பேன்.