கனரக டீசல் இன்ஜின் ஆயுள்: மெக்கானிக்கல் பம்பா, காமன் ரெயிலா?

இன்லைன்பம்ப்:
நேரா சொல்லிடுறேன். லாரிக்கு பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்தான் கெட்டி. சென்சார், ஈஜிஆர் (புகையில கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள்ள அனுப்பறது), டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) எதுவும் கிடையாது. டீசல் தெளிக்கிற நாசில் மோசமானா கழட்டி, டெஸ்டர்ல பிரஷர் பார்த்து, ஷிம் (மெல்லிய தகடு) மாத்தி மாட்டிட்டு கிளம்பலாம். காமன் ரெயில்னா டீசலை ஒரே பொதுக் குழாய்ல அழுத்தி வச்சு, கம்ப்யூட்டர் சொல்றப்போ இன்ஜெக்டர் தெளிக்கிற முறை; அதுல 2000 பார் அழுத்தம், இன்ஜெக்டருக்குள்ள இடைவெளி சில மைக்ரான். டீசல்ல தண்ணி வந்தா வால்வு சீட் அரிச்சு, ரிட்டர்ன் (டேங்குக்குத் திரும்பிப் போற டீசல்) ஏறி, ரெயில் பிரஷர் நிக்காம வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

லைனர்கிட்:
நீங்க சொல்றது ரிப்பேர் சுலபம்ங்கிறது. ஆயுள் வேற. லைனர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் உறை), ரிங், பேரிங் எவ்வளவு நாள் தாங்குதுங்கிறதுதான் ஆயுள். பைலட் இன்ஜெக்‌ஷன் (முழு டீசலுக்கு முன்னாடி காமன் ரெயில் கொஞ்சம் டீசல் தெளிக்கிறது) வந்த பிறகு எரிதல் மெதுவா ஆரம்பிக்குது, தட்டல் குறைஞ்சது. வெளிப்பக்கம் கூலன்ட் நேரடியா தொடுற வெட் லைனருக்கு அது பெரிய விஷயம். பிஸ்டன் அடிக்கிற அதிர்வுல லைனரோட வெளிப்பக்கம் கூலன்ட்ல குமிழி உண்டாகி உடையும். உடையற இடத்துல ஊசி குத்தின மாதிரி குழி விழும், அது ஓட்டையாகி தண்ணி சம்ப்புக்கு (அடியில ஆயில் தேங்குற தொட்டி) வரும். அதனாலதான் கூலன்ட் குறைஞ்சா வெறும் தண்ணி ஊத்தி, குழியைத் தடுக்கிற மருந்தை நீர்க்க விடாதீங்கன்னு சொல்றது. அந்த மருந்து நைட்ரைட்டா இருக்கிற கூலன்ட்னா டெஸ்ட் ஸ்ட்ரிப் வச்சு அளவு பாருங்க.

இன்லைன்பம்ப்:
ஹைவே லாரிக்கு சரி. குப்பை வண்டி, கிரேன், தீயணைப்பு வண்டி பாதி நாள் நின்ன இடத்துலயே பிடிஓ (இன்ஜின் சக்தியை மேல இருக்கிற கருவிக்குக் கொடுக்கிறது) போட்டு ஓடுது. டிபிஎஃப் சுத்தமாக சுமார் 600 டிகிரி வேணும், ஐடில்ல அது எங்க வரும்? புகைக்கரி அடைச்சதும் ரீஜென் (கரியை எரிச்சுச் சுத்தம் பண்றது) ஆகறதுக்காக லேட்டா டீசல் அடிக்குது. சிலிண்டருக்குள்ளேயே அடிக்கிற இன்ஜின்ல அது லைனர் சுவர்ல வழிஞ்சு சம்ப்புல சேருது. டிப்ஸ்டிக்ல ஆயில் லெவல் ஏறுதா பாருங்க. ஆயில் ஏறுறது நல்ல சகுனம் இல்ல.

லைனர்கிட்:
ஐடில் பழைய இன்ஜினையும் விட்டு வைக்காது. சூடு ஏறலைன்னா ரிங் ஒட்டிக்கும், லைனர் கிளேஸ் ஆகும் (கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆகும்), எக்ஸாஸ்ட்ல ஈரக் கரி ஒழுகும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாத்துறதுதான் தப்பு. ஒரு மணி நேர ஐடிலை 40 கி.மீ.யா கணக்கு வைக்கிற வழக்கம் உண்டு. ஓடோமீட்டர்ல 50,000, ஐடில் 6,000 மணி நேரம்னா, அந்த இன்ஜின் 2,90,000 ஓடினதுக்குச் சமம். நின்னு வேலை செய்யறப்போ ஆர்பிஎம்மை 1000-க்கு மேல வைங்க.

சிலிக்கான்:
ரெண்டு பேரும் பம்புலயே நிக்கிறீங்க. இன்ஜினைச் சீக்கிரம் ஓவர்ஹாலுக்கு அனுப்பறது தூசி. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல உள்ள ஹோஸைக் கழட்டி, உள்பக்கம் வெள்ளைத் துணியால துடைங்க. தூசி ஒட்டினா கிளாம்ப் தளர்ந்திருக்கு, இல்ல ஃபில்டர் சீல் உட்காரலை. அப்படியே ஓட்டினா முதல் ரிங் தேய்ஞ்சு பிளோபை (ரிங்கைத் தாண்டி கீழே கசியற வாயு) ஏறும். ஃபில்டரை கம்ப்ரசர் காத்துல ஊதாதீங்க, கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. ரெஸ்ட்ரிக்‌ஷன் கேஜ் (ஃபில்டர் எவ்வளவு அடைச்சிருக்குன்னு காட்டுறது) 25 அங்குல நீர் அளவு காட்டுற வரைக்கும் திறக்கவே வேண்டாம், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் தூசி உள்ளே போகும்.

லேப் டெஸ்டுக்கு ஆயில் சாம்பிள் எடுக்கிறதா இருந்தா இன்ஜின் சூடா இருக்கும்போது, பாதி வடிஞ்சப்புறம் பிடிங்க. சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறினா தூசி. சோடியம், பொட்டாசியம் ஏறினா கூலன்ட் கசிவு, ஈஜிஆர் கூலர்ல இருந்து ஆரம்பிங்க. புது கேஸ்கெட் சீலன்ட்லயும் சிலிக்கான் வரும், அதுக்குப் பயந்து இன்ஜினைப் பிரிச்சிடாதீங்க.

இன்லைன்பம்ப்:
தூசி பத்தி சண்டை இல்ல. ஆனா ஆறு இன்ஜெக்டர்ல எது போச்சுன்னு கம்ப்யூட்டர் இல்லாம எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

லைனர்கிட்:
முடியும். இன்ஜினை நிறுத்தி குறைஞ்சது 10 நிமிஷம் விடுங்க, ரெயில்ல அழுத்தம் இறங்கணும். அப்புறம் ரெயில்ல ஒரு லைனுக்கு மட்டும் பிளாக்கிங் கேப் போட்டு கிராங்க் பண்ணி ரிட்டர்னை அளங்க. இப்படியே ஒவ்வொண்ணா. எதை அடைச்சதும் ரிட்டர்ன் சட்டுனு குறையுதோ அதுதான் கெட்டது. சாதா போல்ட்டை கேப்பா போடாதீங்க, அந்த அழுத்தத்துக்குன்னே இருக்கறது வேணும்.

இன்லைன்பம்ப்:
சரி, கண்டுபிடிச்சாச்சு. புது இன்ஜெக்டர் மேல அடிச்சிருக்கிற கோடை ஈசிஎம்ல (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஏத்த லேப்டாப் வேணுமா, வேண்டாமா?

லைனர்கிட்:
வேணும்.