சிறைக் கைதிகளின் மனநலப் புள்ளிவிவரம்: உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். சென்னையில் சமூகப்பணி முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். தண்டனைக் கைதிகளின் மனநோய் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவர அறிக்கையைப் பார்த்துவிட்டேன். டிசம்பர் 31 அன்று உள்ளே இருந்தவர்களில் மனநோய் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று மாநிலவாரியாக இருக்கிறது. தண்டனை பெற்றவர்கள், விசாரணைக் கைதிகள் எனப் பிரித்தும் தருகிறார்கள். ஆனால் அது கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்குதானே? டாக்டரிடமே போகாதவர் அதில் எப்படி வருவார்?

எங்கள் தெரு அக்கா ஒருவரின் மகன் ஆயுள் தண்டனைக் கைதி. போன முறை சிறையில் பார்க்கப் போனபோது அவன் அம்மா முகத்தையே பார்க்கவில்லையாம். சட்டைப் பட்டனைக் கழற்றுவதும் போடுவதுமாகவே இருந்தானாம். "தூங்குறியாப்பா?" என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அவன் எந்தக் கணக்கில் இருக்கிறான் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 103-இன்படி சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டின் அந்த அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? மனுவைச் சிறைத்துறைக்குப் போடுவதா, வாரியத்துக்கா? பெயர் விவரங்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். பதில் வர 30 நாள் ஆகும், அதனால் இந்த வாரமே அனுப்பப் பார்க்கிறேன்.

அப்புறம், புழல் சிறையிலோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலோ பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இங்கே இருந்தால், பத்து நிமிடம் பேச முடியுமா? உள்பெட்டியில் சொல்லுங்கள்.